சாசி ஒன்று, மேற்கூடு வேறு: வாசகர் வினா விடை

சென்ற இதழில் ஜாகுவார் எக்ஸ்.கே.120 காரைப் பற்றிய வினாவொன்றுக்கு விடை எழுதியபோது, அதன் முதல் 240 வரையான கார்கள் அலுமினியத் தகட்டில் கையால் செய்யப்பட்டவை என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை இப்பகுதியை நிரப்பிவிட்டன. வேறு வினாக்களை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகர்: எங்கள் பேரனாரின் பழைய புகைப்படம் ஒன்றில், கூரையில்லாத, இரண்டு கதவுகள் மட்டுமே உள்ள ஒரு காரில் அவர் அமர்ந்திருக்கிறார். அது ஒஸ்ரின் ஏ-40 என்று பெரியப்பா சொல்கிறார். ஏ-40 என்றால் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிய நாலு கதவுக் கார் அல்லவா? இப்படியும் ஓர் ஏ-40 இருந்ததா?

இருந்தது. பெரியப்பா சொல்வதை நம்பலாம்.

நம்மூரில் ஏ-40 என்றதும் மனக்கண்ணில் வருபவை 1947இல் வெளிவந்த டெவனும் 1952இல் அதன் இடத்துக்கு வந்த சோமர்செட்டுமே. இரண்டுக்கும் 1,200 சி.சி. எஞ்சின், இரண்டுக்கும் கீழே தனிச் சாசி, அதாவது எஞ்சினையும் சில்லுகளையும் தாங்கும் சட்டகம். இந்த எஞ்சினையே எடுத்து, ஒற்றைக் காபரேற்றருக்குப் பதிலாக இரட்டை எஸ்.யு. காபரேற்றர் பூட்டி, 40 குதிரைவலுவை 46 ஆக உயர்த்தி, மேலே முற்றிலும் வேறான ஓர் அலுமினியக் கூட்டை வைத்து 1950இல் ஒஸ்ரின் வெளியிட்ட காரே ஏ-40 ஸ்போர்ட்ஸ். அந்தக் கூட்டை ஒஸ்ரின் செய்யவில்லை. பேர்மிங்காமுக்கு அருகே வெஸ்ட் புறொம்விச் நகரில் இருந்த ஜென்சன் நிறுவனம் செய்தது. வடிவத்தை வரைந்தவர் அங்கு பணியாற்றிய எரிக் நீல். கூடுகள் ஜென்சனிலிருந்து ஒஸ்ரினின் லோங்பிறிஜ் தொழிற்சாலைக்குப் போய், அங்கு காராக நிறைவு பெற்றன. 1953இல் நிறுத்தப்படும் வரை ஏறக்குறைய 4,000 கார்களே வெளிவந்தன. டெவனும் சோமர்செட்டும் இலட்சக் கணக்கில் வந்தவை என்பதை நினைத்தால் இது மிகச் சொற்பம்.

இந்தக் காருக்கு ஒரு பயணக் கதையும் உண்டு. ஒஸ்ரினின் தலைவராக இருந்த லெனார்ட் லோர்டுடன் பந்தயம் கட்டி, அந்நிறுவனத்தின் விளம்பரப் பொறுப்பாளரான அலன் ஹெஸ் 1951இல் ஓர் ஏ-40 ஸ்போர்ட்ஸ் காரில் உலகத்தைச் சுற்றி வந்தார். கடல்களைத் தாண்டக் காரை விமானத்தில் ஏற்றிச் சென்று, தரை வழியெல்லாம் ஓட்டி, 30 நாட்களில் முடிப்பதாகத் திட்டமிட்ட பயணத்தை 21 நாட்களில் முடித்தார்கள். நம் வீதிகளில் கலியாண வீட்டுக்கும் ஆசுபத்திரிக்கும் சனத்தை ஏற்றிக்கொண்டு ஓடிய அதே எஞ்சின் குடும்பம்தான் அந்தப் பயணத்தையும் செய்தது என்பதை நான் எப்போதும் பெருமையோடு நினைத்துக்கொள்வேன்.

ஆனால், புகைப்படத்தில் உள்ளது ஸ்போர்ட்ஸ்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். சோமர்செட்டிலும் இரண்டு கதவுள்ள, துணிக்கூரை கொண்ட ஒரு வகை இருந்தது. அதற்குக் கூடு செய்தது கொவென்றி நகரத்துக் கார்பொடீஸ் நிறுவனம். அந்தக் காரை முன்னால் நின்று பார்த்தால் வழக்கமான சோமர்செட்டின் முகமேதான் இருக்கும். ஸ்போர்ட்ஸின் முகமோ டெவனையும் ஒத்திராது, சோமர்செட்டையும் ஒத்திராது. எனவே படத்தில் முன்பக்கம் தெரிந்தால் ஐயம் உடனே தீர்ந்துவிடும். பக்கவாட்டுப் படமாயின் பேரனாரின் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: தொடக்கத்தில் ஸ்போர்ட்ஸின் கியர்த் தடி தரையில் இருந்தது, 1951 ஓகஸ்ட் முதல்தான் அது ஸ்ரியறிங் தண்டுக்கு ஏறியது. தரையில் கியர்த் தடி தெரிந்தால் அது சோமர்செட் அல்ல, ஸ்போர்ட்ஸின் முற்பகுதிக் கார்களில் ஒன்று. இலக்கத் தகடு படத்தில் விழுந்திருந்தால், ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய ஆங்கில எழுத்துகளோடு அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, வீட்டில் எங்காவது பழைய லொக் புக் (காரின் பதிவுப் புத்தகம்) கிடக்கிறதா என்று தேடுங்கள். இடப்பெயர்வுகளில் வீட்டுப் பத்திரங்களையே விட்டுவிட்டுப் போனவர்கள் நாம். ஆயினும் காணி உறுதிகளோடு சேர்த்துக் கட்டிவைத்த கட்டுக்குள் கார்ப் புத்தகம் தப்பியிருந்ததை நான் இரண்டு வீடுகளில் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று. ஏ-40 ஸ்போர்ட்ஸ் மூலம் ஒஸ்ரினுக்கும் ஜென்சனுக்கும் ஏற்பட்ட உறவு அங்கேயே நின்றுவிடவில்லை. 1952இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் டொனால்ட் ஹீலி தம் புதிய ஸ்போர்ட்ஸ் காரை வைத்தபோது, மேலே சொன்ன லெனார்ட் லோர்ட் அதைக் கண்டு, அங்கேயே பேசி, ஒஸ்ரினின் பெயரில் தயாரிக்க உடன்பாடு செய்துகொண்டார். ஒஸ்ரின் ஹீலி 100 ஆன அந்தக் காரின் கூடுகளையும் ஜென்சனே செய்தது. அதில் பந்தயத்துக்கென்றே முழு அலுமினியக் கூடும் நான்கு சில்லுகளுக்கும் டன்லப் டிஸ்க் பிறேக்கும் கொண்டு 1955இல் வந்த '100 எஸ்' வகையில், முன்மாதிரிகள் ஐந்தையும் சேர்த்து 55 கார்கள் மட்டுமே செய்யப்பட்டன.

உரும்பிராயிலிருந்து ஒரு தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்: ஒரு நிறுவனம் சாசியைச் செய்ய, இன்னொரு பட்டறை கூட்டைச் செய்தது என்கிறீர்கள். பெரிய அழுத்து இயந்திரங்கள் இல்லாமல் அந்த வளைவுகளை எப்படி எடுத்தார்கள்? அந்தத் தொழில் ஏன் நின்றுபோனது?

நம் தனியார் பஸ் உரிமையாளர்கள் லேலண்ட் சாசியை மட்டும் வாங்கிப் பொடி கட்டுவதற்குப் பட்டறையில் விடுவதைத் தாங்கள் கண்டிருப்பீர்கள். எஞ்சின், கியர்பெட்டி, அச்சு, சில்லு எல்லாம் அதிலேயே இருக்கும். அதன் மேல் எத்தனை யன்னல், எவ்வளவு உயரம், என்ன முகம் என்பதெல்லாம் பட்டறைக்காரரும் உரிமையாளரும் பேசி முடிவெடுப்பவை. ஐரோப்பாவில் கார்களும் நெடுங்காலம் இப்படித்தான் விற்கப்பட்டன. குதிரை வண்டி செய்த கைகளே காருக்கும் கூடு கட்டத் தொடங்கின.

ஆங்கிலேயர் பெரும்பாலும் ஆஷ் என்னும் மரத்தில் சட்டகம் செய்து, அதன்மேல் தகட்டைப் போர்த்தினார்கள். அந்த மரம் வளைந்து கொடுக்கும், ஆணியைப் பற்றிப் பிடிக்கும், எளிதில் வெடிக்காது. இத்தாலியில் மிலான் நகரத்து டூரிங் நிறுவனம் மரத்தைக் கைவிட்டு, விரல் பருமனுள்ள உருக்குக் குழாய்களால் ஒரு கூண்டு கட்டி, அதன்மேல் அலுமினியத்தைப் போர்த்தும் முறையைக் கொண்டுவந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் சூப்பர்லெஜேரா. மிக இலேசானது என்பது பொருள். 1958இல் வந்த அஸ்ரன் மார்ட்டின் டிபி4 அந்த முறையில் செய்யப்பட்டதே. அதன் பொனற்றின் ஓரத்தில் அந்த இத்தாலியச் சொல் எழுதப்பட்டிருக்கும்.

வளைவு எடுக்கும் வேலையை ஏட்டில் எழுதி விளக்குவதைவிட அருகே நின்று பார்ப்பதே மேல். இயன்ற வரை சொல்கிறேன். நான் தொழில் பழகிய கராஜில் ஒரு முதியவர் இருந்தார். மணல் நிரப்பிய தோல் மூட்டையின் மேல் தகட்டை வைத்து, கொட்டாப்புளியால் நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றித் தட்டுவார். தட்டத் தட்டத் தகடு குழிந்து, ஓரம் சுருங்கி, ஒரு சட்டியைப் போல எழும்பி வரும். பிறகு மேலொன்றும் கீழொன்றுமாக உள்ள இரண்டு உருளைகளுக்கு இடையே அதைக் கொடுத்து முன்னும் பின்னும் தள்ளி, கொட்டாப்புளி விட்ட பள்ளங்களை எல்லாம் மழுப்புவார். அலுமினியம் தட்டும்போது இறுகிக்கொண்டே போகும். இறுகியதைத் தொடர்ந்து தட்டினால் வெடித்துவிடும். ஆகவே அவ்வப்போது சூடாக்கி இளக்க வேண்டும். ஆனால் அலுமினியம் உருக்கைப் போலச் சிவந்து காட்டாது. திடீரென்று உருகி ஓட்டை விழுந்துவிடும். அதற்கு அவர் செய்த உபாயம், தகட்டின்மேல் சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்துவிட்டுச் சுவாலையைக் காட்டுவது. சவர்க்காரம் கடுங்கபிலமாகிக் கறுக்கத் தொடங்கும் இடத்தில் சூடு போதும். ஆறவிட்டு எடுத்தால் தகடு கையாலேயே வளையும். இங்கிலாந்திலும் இத்தாலியிலும் கூடு செய்தவர்களும் இதே உபாயத்தைக் கையாண்டார்கள் என்று பின்னாளில் அறிந்தபோது, அந்த முதியவரை நினைத்துக் கண் கலங்கினேன்.

தொழில் நின்றதற்கு முதற் காரணம், சாசி மறைந்ததே. சாசி தனியாகவும் கூடு தனியாகவும் இருந்தால் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை வைக்கலாம். கூடே எலும்பாகவும் தோலாகவும் இருக்கும் ஒற்றைக்கூட்டு அமைப்பு வந்த பின்னர், மேலே எதை வெட்டினாலும் காரின் பலம் குறைந்துவிடும். எம்.ஜி. நிறுவனத்தையே பாருங்கள். 1952 துரின் கண்காட்சியில் இத்தாலியரான நூச்சோ பெர்த்தோனே, எம்.ஜி. டிடி சாசியின் மேல் தாம் செய்த இரண்டு கார்களை வைத்தார். சிக்காகோவிலிருந்து வந்த ஆர்னோல்ட் என்னும் வணிகர் அவற்றைக் கண்டு, அதே போல 200 கார்கள் வேண்டும் என்று கேட்டார். ஏறத்தாழ 100 கார்களே முடிந்தன என்றாலும், தள்ளாடிக்கொண்டிருந்த பெர்த்தோனே பட்டறையை அந்தக் கட்டளைதான் தூக்கி நிறுத்தியது. அதே எம்.ஜி. 1962இல் ஒற்றைக்கூட்டு அமைப்பில் எம்.ஜி.பி. காரை வெளியிட்ட பிறகு, பிரசல்ஸ் நகரத்து ஜாக் கூன் அதற்குச் செய்ய முடிந்ததெல்லாம், கீழ்ப்பகுதியை விட்டுவிட்டுக் கூரையையும் பின்புறத்தையும் மாற்றுவதுதான். அவர் செய்த பேர்லினெட் வகை 56 கார்கள். எம்.ஜி.பி.யோ 5 இலட்சத்துக்கும் மேல் வெளிவந்த கார்.

ஜாகுவார் நிறுவனத்தின் வேரும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறது என்பதை மாணவராகிய தாங்கள் அறிந்திருப்பது நல்லது. வில்லியம் லயன்ஸ் 1922இல் பிளாக்பூல் நகரில் ஒரு கூட்டாளியோடு மோட்டார் சைக்கிளுக்குப் பக்கப்பெட்டி செய்யத் தொடங்கினார். 1927இல் ஒஸ்ரின் செவன் என்னும் சின்னக் காரின் சாசிக்கு 'ஸ்வாலோ' என்ற பெயரில் அழகான கூடு செய்து விற்றார். பிறகுதான் சொந்தக் காரும் ஜாகுவார் என்ற பெயரும். அவர் விற்றுவிட்ட ஸ்வாலோ நிறுவனம் பல கைகள் மாறி, 1954இல் ட்ரையம்ப் டிஆர்2 காரின் எஞ்சினையும் உறுப்புகளையும் கொண்டு 'டொரெற்றி' என்றொரு காரைச் செய்து, 276 கார்களோடு மறுஆண்டே நிறுத்திக்கொண்டது.

கரவெட்டியிலிருந்து ஒரு வாசகர்: இவற்றுள் மிக அரியது எது?

ஒன்றே ஒன்று செய்யப்பட்டவை பல உண்டு. ஜாகுவார் ஈ-டைப்பின் உறுப்புகளின்மேல் பெர்த்தோனே பட்டறை செய்து 1967 லண்டன் கண்காட்சியில் வைத்த பிரானா அப்படிப்பட்டது. ஆனால் எண்ணிக்கையைவிட, ஏன் அரிதாயிற்று என்பதே என் மனத்தைத் தொடுகிறது. ஜாகுவார் எக்ஸ்.கே.எஸ்.எஸ். வகையில் 25 கார்கள் செய்ய நினைத்தார்கள். 1957 பெப்ரவரி 12ஆம் நாள் தொழிற்சாலையில் பற்றிய தீயில் ஒன்பது அழிந்துபோக, 16 மட்டும் மிஞ்சின. மோர்கன் நிறுவனம் 1964 முதல் 1967 வரை பிளஸ் 4 பிளஸ் என்று பைபர்க் கூடு வைத்து ஒரு மூடிய காரைச் செய்தது; மோர்கன் வாங்குவோருக்குப் பழைய மரச்சட்டகமும் திறந்த முகமும்தான் வேண்டியிருந்தன என்பதால் 26 கார்களோடு அது நின்றுவிட்டது. எக்ஸ்.கே.120 இன் அலுமினியக் கார்கள் அரிதானதோ இதற்கு நேர்மாறான காரணத்தால். 1948இல் ஏதோ இருநூறு விற்றால் போதும் என்று கையால் செய்யத் தொடங்கினார்கள். கேட்டு வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் 1950இல் அழுத்து இயந்திரத்தில் செய்த உருக்குக் கூட்டுக்கு மாறினார்கள்.

மன்னாரிலிருந்து ஒரு வாசகி: அஸ்ரன் மார்ட்டின் டிபி4 ஜிடி ஸகாற்றோவைப் பிரித்தானியக் கார் என்று முன்பொரு முறை எழுதியிருந்தீர்கள். கூடு மிலானில் செய்யப்பட்டதென்றால் அது இத்தாலியக் கார் அல்லவா?

நியாயமான வினா. நியூபோர்ட் பாக்னெல்லில் செய்த சாசியும் எஞ்சினும் மிலானுக்குப் போய், ஸகாற்றோ பட்டறையில் கூடு பெற்று மீண்டன. வடிவத்தை வரைந்த எர்கோலே ஸ்பாடாவுக்கு அப்போது வயது இருபதுகளின் தொடக்கம். வழக்கமான டிபி4ஐ விட 13 சென்ரிமீற்றர் குறைத்த சாசியில், தாங்குகட்டைகள் போன்ற பாரமெல்லாம் நீக்கி, மெல்லிய அலுமினியத்தில் தட்டி எடுத்த கூடு அது. 1960 லண்டன் கண்காட்சியில் அறிமுகமாகி, அக்காலத்தில் 19 கார்களே முடிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் கையால் தட்டியது என்பதால் ஒன்றின் பொனற் இன்னொன்றுக்குச் சரியாகப் பொருந்தாது.

என் கருத்து இதுதான்: ஓட்டும்போது கையிலும் காலிலும் உணர்வது பிரித்தானியம், வெளியே நின்று பார்ப்பது இத்தாலியம். பதிவில் எழுதப்படும் சாசி எண் எங்கே பிறந்ததோ அதையே காரின் ஊராகக் கொள்வது வழக்கம். அந்த வழக்கப்படியே எழுதினேன். ஆனால் கூடு செய்தவரின் பெயரைச் சொல்லாமல் அந்தக் காரைப் பற்றிப் பேசுவது பிழை என்பதில் தங்களோடு உடன்படுகிறேன். ட்ரையம்ப் இத்தாலியா 2000 இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. டிஆர்3 சாசியை இத்தாலிக்கு அனுப்பி, மிக்கெலொற்றி வரைந்த வடிவில் துரின் நகரத்து விக்னாலே பட்டறை கூடு செய்த கார் அது. 1959 முதல் 1962 வரை சுமார் 330 செய்யப்பட்டன. அத்தனை நளினமான அந்தப் பொனற்றின் கீழே இருப்பது, பெர்குசன் உழவு இயந்திரத்தில் இருந்த எஞ்சினின் நெருங்கிய உறவு. வயலில் கலப்பை இழுத்ததும் ஆல்ப்ஸ் மலைப் பாதையில் பாய்ந்ததும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போல.

கனடா ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகர்: மானிப்பாயில் பிறந்தவன். ஓய்வு பெற்ற பின் எம்.ஜி.ஏ. ட்வின் கேம் ஒன்றை வாங்க விரும்புகிறேன். நான்கு சில்லுக்கும் டிஸ்க் பிறேக் இருந்தால் அது அசல் ட்வின் கேம் என்று விற்பவர் சொல்கிறார். நம்பலாமா?

அதை மட்டும் வைத்து நம்பாதீர்கள். எம்.ஜி.ஏ. 1955 முதல் 1962 வரை 1 இலட்சத்துக்குச் சற்று மேல் செய்யப்பட்டது. அவற்றுள் 1958 முதல் 1960 வரை வந்த, இரட்டைக் கேம் தண்டு எஞ்சின் கொண்ட ட்வின் கேம் 2,111 மட்டுமே. நான்கு டன்லப் டிஸ்க் பிறேக்கும், நடுவில் ஒரே சுரையால் இறுக்கும் துளையிட்ட உருக்குச் சில்லும் அதன் அடையாளங்கள் என்பது உண்மை. ஆனால் ட்வின் கேம் நிறுத்தப்பட்டபோது மிஞ்சிக் கிடந்த சாசிகளையும் பிறேக்குகளையும் வீணாக்காமல், சாதாரண எஞ்சினைப் பூட்டி 'டி லக்ஸ்' என்ற பெயரில் எம்.ஜி. விற்றது. அதுவும் அரிய கார்தான், நல்ல கார்தான். ஆனால் அது ட்வின் கேம் அல்ல. அதில் பின்னாளில் யாரோ ட்வின் கேம் எஞ்சினை இறக்கி வைத்திருந்தால், டிஸ்க் பிறேக்கைப் பார்த்து வாங்குபவர் ஏமாந்துபோவார்.

ஆகவே கண்ணால் காண்பதிலிருந்து அல்ல, எண்ணிலிருந்து தொடங்குங்கள். ட்வின் கேமின் சாசி எண் திறந்த காரில் 'ஒய்.டி.' என்றும் மூடிய காரில் 'ஒய்.எம்.' என்றும் தொடங்கும். ஆனால் அந்த எண் உள்ள தகட்டை மட்டும் நம்பிவிடாதீர்கள். தகட்டைக் கழற்றி மாற்றுவது ஐந்து நிமிட வேலை. பின்னர் இங்கிலாந்தில் கேய்டன் என்னும் இடத்திலுள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்துக்கு எழுதுங்கள். எம்.ஜி. தொழிற்சாலையின் உற்பத்திப் பதிவேடுகள் அங்கே பாதுகாக்கப்பட்டு, கட்டணத்துக்குச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. கார் எந்த நாளில் முடிந்தது, எந்த எஞ்சின் எண்ணோடு, எந்த நிறத்தில், எந்த நாட்டுக்குப் புறப்பட்டது என்பவற்றை அது சொல்லும். விற்பவர் அந்தச் சான்றிதழ் வேண்டாம் என்று தட்டிக்கழித்தால், காசைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

எல்லா ஐயமும் களவு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒஸ்ரின் ஹீலி '100 எம்' தொழிற்சாலையில் 640 மட்டுமே செய்யப்பட்டது. ஆனால் அதற்குரிய எஞ்சின் உறுப்புகள் ஒரு பொதியாகத் தனியே விற்கப்பட்டதால், அக்காலத்திலேயே பல உரிமையாளர்கள் தங்கள் சாதாரண 100 காரில் அதைப் பூட்டினார்கள். அப்படிப்பட்ட காரை உள்ளபடி சொல்லி விற்பவர் நேர்மையானவர்; அதை 100 எம் என்று சொல்லி விற்பவர் ஏமாற்றுகிறார். இரண்டு காரும் ஒன்றுபோல ஓடும். இடையில் இருக்கும் வேறுபாடு ஒரு கடதாசி. அந்தக் கடதாசியின் விலை பல வேளைகளில் இன்னொரு காரின் விலை.

அதே வாசகர்: ட்வின் கேம் எஞ்சினில் பிஸ்ரன் எரியும் என்கிறார்கள். ஊரில் நாங்கள் மண்ணெண்ணெயில் கூடக் கார் ஓட்டினோமே, அதற்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லையே?

தொண்ணூறுகளின் தடைக்காலத்தில் காபரேற்றருக்குச் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி நாம் ஓட்டியது உண்மை. அது முடிந்ததற்கு, ஏ-40 போன்ற எஞ்சின்களின் அமுக்க விகிதம் (உள்ளே கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற அளவு) 7.2க்கு 1 என்ற அளவில் தாழ்ந்திருந்ததே காரணம். ட்வின் கேமின் விகிதம் 9.9க்கு 1. நல்ல பெற்றோலிலேயே அது தட்டும். காபரேற்றர் அதிர்வினால் கலவை மெலிந்து பிஸ்ரன் எரிந்தது என்பதும் பிற்காலத்தில் கண்டறியப்பட்டது. விகிதத்தைக் குறைத்து, காபரேற்றரை அதிர்வு தாங்கும்படி பொருத்தி, தீப்பொறி நேரத்தைச் சரியாக வைத்தால் இன்று அது நம்பகமான எஞ்சின்தான். மண்ணெண்ணெயை மட்டும் அதற்குக் காட்டாதீர்கள்.

சாவகச்சேரியிலிருந்து ஓர் இளைஞர்: என்னிடம் 948 சி.சி. மொறிஸ் மைனர் நாலு கதவுக் கார் நல்ல நிலையில் உள்ளது. கூரையை வெட்டித் திறந்த ஸ்போர்ட்ஸ் காராக மாற்றித் தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?

தம்பி, செய்யாதீர்கள். மேலே உரும்பிராய் மாணவருக்குச் சொன்ன காரணமே இங்கும் பொருந்தும். மைனருக்குத் தனிச் சாசி கிடையாது; கூரையும் தூண்களும் அதன் முதுகெலும்பின் ஒரு பகுதி. தொழிற்சாலையே செய்த திறந்த மைனரில் கதவுக்குக் கீழும் தூண்களின் அடியிலும் கூடுதல் பலம் கொடுத்திருந்தார்கள். அது இல்லாமல் கூரையை வெட்டினால், முதல் பள்ளத்தில் விழும்போதே கதவு இறுகும். சில மாதங்களில் நடு முதுகு தொய்யும். நாலு கதவுக் காரில் நிலை இன்னும் மோசம். இத்தகைய ஒரு காரைக் கொடிகாமம் பக்கத்தில் கண்டேன்: பின்கதவை மூட இருவர் வேண்டியிருந்தது.

தங்கள் ஆசை ஸ்போர்ட்ஸ் கார்மேல் என்றால், அது ஏற்கெனவே தங்கள் காரின் பொனற்றுக்குள் இருக்கிறது. தவளைக்கண் என்று உலகம் கொண்டாடும் 1958ஆம் ஆண்டின் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைட், தங்கள் மைனரின் அதே 948 சி.சி. எஞ்சின் குடும்பத்தை இரட்டை எஸ்.யு. காபரேற்றரோடு பயன்படுத்தியது, அதன் ஸ்ரியறிங் அமைப்பே மைனரிலிருந்து எடுத்ததுதான். காபரேற்றரை இரட்டையாக்கி, பிறேக்கைப் பலப்படுத்தி, கூரையைக் கூரையாகவே விட்டு ஓட்டுங்கள். வேண்டாமென்றால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்றிவிடலாம். வெட்டிய கூரையைத் திரும்ப வைக்க இயலாது.

வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு வாசகர்: எங்களிடம் உள்ள பழைய ஆங்கிலக் காரின் பொனற் காந்தத்தில் ஒட்டவில்லை. அதன் ஓரங்களில் பெயின்ற் கொப்புளித்து, உள்ளே வெள்ளைப் பொடி கிடக்கிறது. பட்டி வைத்துப் பூசினால் போதுமா?

காந்தம் ஒட்டாத பொனற் வெள்ளைப் பொடி விட்டால் அது அலுமினியம். பைபராக இருக்க முடியாது. உப்புக்காற்றில் அலுமினியமும் உருக்கும் ஒட்டி நின்றால், ஈரத்தின் வழியே நிகழும் மின்வேதி மாற்றத்தில் அலுமினியம் தன்னைக் கரைத்து உருக்கைக் காக்கும். அதனால்தான் அரிப்பு எப்போதும் உருக்குச் சட்டத்தை மடித்துப் பிடிக்கும் ஓரங்களிலும், உருக்கு ஆணி போட்ட இடங்களிலும் தொடங்குகிறது. அதன்மேல் பட்டி வைத்தால் ஓர் ஆண்டுக்குள் பட்டி கழன்று விழும். உள்ளே தகடு கடதாசி போல ஆகியிருக்கும்.

ஓரத்தின் மடிப்பை மெல்லத் திறந்து, பொடியை முழுவதும் நீக்குங்கள். இரும்புக் கம்பித் தூரிகை வேண்டாம். அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து புதிய அரிப்புக்கு வழி செய்யும். நைலோன் தூரிகையும் உப்புத்தாளும் போதும். கீழே உள்ள உருக்குச் சட்டத்தின் துருவை எடுத்து, துருத்தடுப்புப் பூச்சுப் பூசி, இரண்டு உலோகங்களும் நேரே தொடாதபடி இடையே மெல்லிய நாடா வைத்து மடியுங்கள். அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ளும் அமிலக் கலவையுள்ள முதற்பூச்சைப் பூசிய பிறகே பெயின்ற் அடிக்க வேண்டும். சாதாரண முதற்பூச்சு அதில் நில்லாது. தகடு ஓட்டையாகிவிட்ட இடத்தை வெட்டி எடுத்து, அலுமினியம் ஒட்டத் தெரிந்தவரிடம் புதுத்துண்டு வைத்து ஒட்டுவியுங்கள். வெட்டிய துண்டையும் எறிந்துவிடாமல் வைத்திருங்கள், அதன் தடிப்பையும் உட்பக்கத்தில் எழுதிய எண்ணையும் கொண்டு அது யார் செய்த கூடு என்று பின்னர் ஆராய முடியும். அதன் பிறகு காரைக் கழுவுவதற்குக் கடற்கரைக் கிணற்று உவர்நீரைத் தவிர்த்து, மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கழுவியதும் பொனற்றைத் திறந்தபடியே விட்டு, மடிப்புக்குள் ஈரம் காயும் வரை வெயிலில் நிறுத்துங்கள்.